இறக்கை தந்தவர் யார்?

விமானம் என்ற ஒரு சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. கருவறையின் மேலே கல்லும் சுதையுமாய் எழுந்து நிற்பதும் விமானம். காற்றைக் கிழித்துக்கொண்டு வானிலே பறப்பதும் விமானம். முன்னது, கட்டிய நாள் முதல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னது, 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் 12 விநாடி பறந்து, 120 அடி சென்று, தரையைத் தொட்டது; இன்று உலகையே சுற்றி வருகிறது. முன்னதை வலம் வருவோன் கைகூப்பி, கண்மூடி, கசிந்துருகி வருகிறான். பின்னதை ஓட்டக் கற்பவனும் அதை வலம் வருகிறான் — ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு! வலங்கள் இரண்டு, வாழ்க்கை முறைகளும் இரண்டு.

இந்த இரண்டாவது விமானத்தையும் இழுத்துச் சென்று, முதல் விமானத்தின் நிழலிலே கட்டிப்போட முயல்வோர் உளர். “சிறு விமானம் ஓட்டக் கற்றேன், இன்னல் பல வந்தன, இறைவனை நம்பினேன், ஈடேறினேன்” என்று, நூலாகவும் பிரசுரமாகவும், மேடைப் பேச்சாகவும் ஜெபக்கூட்டத்துச் சாட்சியாகவும் ஒரு கதை ஓயாமல் சொல்லப்படுகிறது. பணமுடை வந்ததாம், வழி பிறந்ததாம் — அவன் அருள்! தேர்விலே தோல்வியாம், மறுமுறை வெற்றியாம் — அவன் கருணை! மேகம் மறைத்ததாம், மேகம் விலகியதாம் — அவன் திருவுளம்! எல்லாம் அவன் செயல் என்றால், பயிற்சிக் கட்டணத்தை மட்டும் ஏன் இவன் கட்டினான் என்று எவரும் கேட்பதில்லை.

கற்றவன் பட்ட பாட்டை நாம் எள்ளி நகையாடவில்லை. ஒரு மனிதன் தரையை விட்டு எழக் கற்பது பெரும் செயல். அச்சத்தை அடக்கி, அறிவைத் தீட்டி, கையையும் காலையும் கண்ணையும் ஒருசேரப் பழக்கிப் பெறும் வெற்றி அது. பெரும் செயல் என்பதனாலேதான் கேட்கிறோம்: உழைத்தவன் ஒருவனாக இருக்க, பட்டயத்தில் மட்டும் மற்றொருவன் பெயர் எதற்கு? உழுதவன் வயிறு காய, உட்கார்ந்தவன் களஞ்சியம் நிரம்பும் அநீதியை நிலத்திலே கண்டோம். அதே அநீதியை வானத்திலும் காண வேண்டுமா?

விமானப் பள்ளியின் வாயிலுக்குள் சென்று பார்ப்போம், தோழர்களே! அங்கே முதற்பாடம் நம்பிக்கை அல்ல; ஐயம்.

நேற்று மாலை பழுதின்றிப் பறந்து வந்த விமானமேயாயினும், இன்று காலை மாணவன் அதை நம்பக்கூடாது. எண்ணெய் இருக்கிறதா என்று அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். இறக்கையின் கீழே உள்ள சிறு குழாயைத் திறந்து, பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஏன்? இரவிலே கசிந்த நீர், பெட்ரோலைவிட எடை மிக்கது, அடியிலே தங்கும், இஞ்சினுக்குள் சென்றால் மூச்சு நின்றுவிடும். இறக்கையின் கீல்களைத் தொட வேண்டும். சுக்கான் தடையின்றி அசைகிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். முன்னே சுழலும் விசிறியிலே கீறல் உண்டா என்று விரலால் தடவ வேண்டும். “எல்லாம் நல்லபடியே இருக்கும், எல்லாம் வல்லவன் பார்த்துக்கொள்வான்” என்று மாணவன் சொன்னால், பயிற்சியாளர் அவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் — அவர் எத்துணைப் பக்திமானாக இருப்பினும்!

அந்த இஞ்சினைத்தான் பாருங்கள். சிறு விமானத்து இஞ்சினிலே தீப்பொறி தரும் கருவி ஒன்றல்ல, இரண்டு. உருளை ஒவ்வொன்றிலும் பொறி கக்கும் முனைகள் இரண்டு. ஒன்று கைவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும். புறப்படுமுன் ஒன்றை அணைத்து மற்றொன்றையும், மற்றொன்றை அணைத்து முன்னதையும் சோதித்துப் பார்க்கிறான் விமானி. ‘கைவிடாதவன் ஒருவன் மேலே இருக்கிறான்’ என்று எண்ணியவர்கள் செய்த ஏற்பாடா இது? ‘எதுவும் கைவிடக்கூடும்’ என்று எண்ணியவர்கள் செய்த ஏற்பாடு! அந்த எண்ணம்தான் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது.

இரண்டாம் பாடம் இன்னும் நுட்பமானது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவை, ஏறத்தாழ 15 பாகையை, மீறினால், இறக்கையின் மேலே தழுவி ஓடும் காற்று பிய்ந்துபோகிறது. தாங்கும் ஆற்றல் தளர்கிறது. விமானம் தலைகுப்புறச் சாய்கிறது. அப்போது மனம் என்ன சொல்கிறது? “விழுகிறாய்! இழு, மேலே இழு!” என்று கதறுகிறது. இழுத்தவன் மாண்டான். மனம் கதறக் கதற மூக்கைக் கீழே தாழ்த்தியவன் பிழைத்தான். விழும்போது தாழ்த்து என்பது எந்த வேதத்திலும் வந்த வாக்கல்ல. காற்றைக் குழாய்க்குள் செலுத்தி, சிறகு மாதிரிகளை வைத்து, அளந்து, கணக்கிட்டுக் கண்ட உண்மை. ரைட் உடன்பிறப்பினர் 1901ஆம் ஆண்டிலே அத்தகைய குழாயைத் தாமே கட்டிச் சோதித்தனர். அவர்கள் தந்தை ஒரு கிறித்தவப் பேராயர்! அவர் பிரார்த்தனை செய்யாதவர் அல்லர். ஆனால் மைந்தர்க்குச் சிறகு தந்தது பிரார்த்தனையன்று, அளவுகோல்.

மூன்றாம் பாடம்தான் நம் வாதத்தின் உயிர்நாடி. “உள்ளத்திலே ஒரு குரல் கேட்கிறது, அது ஆண்டவன் குரல், அதை நம்பு” என்கிறார்கள் பக்தர்கள். மேகத்துக்குள் நுழைந்த விமானியின் உள்ளத்திலும் ஒரு குரல் கேட்கிறது. “நேராகச் செல்கிறாய், நிம்மதியாக இரு” என்கிறது. விமானமோ மெல்ல மெல்லச் சாய்ந்து, சுழன்று, மண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது! காரணம், காதினுள்ளே இருக்கும் வளைகுழாய்களிலே அசையும் நீர். திருப்பம் நீடித்தால் அந்த நீரும் குழாயோடு ஒத்துச் சுழன்று, திரும்புகிறோம் என்ற உணர்வையே அழித்துவிடுகிறது. சரியாக நிமிர்த்தினாலோ, எதிர்ப்பக்கம் சாய்வதாகப் பொய் சொல்கிறது.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தினர். கருவிகளைக் கொண்டு பறந்து பழகாத 20 பேரைத் தேர்ந்தெடுத்து, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து, பக்கத்திலே தேர்ந்த விமானியை வைத்துப் பறக்கவிட்டனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். இழக்க ஆன நேரம், சராசரி 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! உள்ளக் குரலின் ஆயுள் அவ்வளவுதான். பிறகு அவர்களுக்கே, முன்னே இருக்கும் கருவியைப் பார், அது காட்டுகிறபடி செய், வந்த வழியே திரும்பு என்று முறையாகச் சில மணி நேரம் பயிற்சி தந்தனர். ஏறக்குறைய எல்லா முயற்சியிலும் வெற்றி பெற்றனர்.

இதற்கு மேலும் சான்று வேண்டுமா? 1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, கென்னடி குடிஅரசுத் தலைவரின் மைந்தர், மனைவியையும் மனைவியின் தமக்கையையும் ஏற்றிக்கொண்டு சிறு விமானத்தில் கடல் மீது பறந்தார். தொடுவானம் புலப்படவில்லை. திசை மயங்கிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணைக் குழு முடிவு கூறிற்று. மூவரும் மாண்டனர். செல்வம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, அவர் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்ட உள்ளங்கள் கோடி இருந்தன. கடல் எதையும் கேட்கவில்லை.

உள்ளுணர்வைச் சோதித்துப் பார். சோதனையில் தோற்றால் அதைத் தள்ளிவிடு — இதுதான் விமானப் பள்ளி தரும் ஞானோபதேசம். இதைக் கற்று இறங்கி வந்தவன், ‘உள்ளுணர்வே என்னைக் காத்தது’ என்று எழுதினால், அவன் பாடத்தைப் படித்தானா, பாடத்தின் அட்டையை மட்டும் பார்த்தானா?

★

“மந்திரம் ஓதுவது போலத்தானே விமானியும் ஒரு பட்டியலை ஓதுகிறான்?” என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும், விடை உண்டு. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், ஓகையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தாரின் புதிய குண்டு வீச்சு விமானம் சோதனைக்காக எழுந்தது. நிற்கும்போது காற்றிலே சுக்கான் ஆடாதிருக்கப் பூட்டும் பூட்டை அவிழ்க்க மறந்துவிட்டனர். எழுந்தது, செங்குத்தாகச் சென்றது, விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்தவர்களிலே தேர்ந்தவர். ‘இது விதி’ என்று கூறி அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. மறதி மனித இயல்பு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் படித்து, தொட்டு, சரிபார்த்த பின்பே எழ வேண்டும் என்று விதித்தார்கள். மந்திரத்திலே பொருள் தெரியாவிட்டாலும் பலன் உண்டாம்! இந்தப் பட்டியலிலே, வாய் சொன்னதைக் கை செய்யாவிட்டால் பலன் சாவு. இரண்டையும் ஒன்றென்பார் உண்டோ?

இனி, சாட்சியம் என்பதற்கும் அறிக்கை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், இங்கிலாந்திலே பார்க் என்ற கடற்படை லெப்டினண்டு ஓட்டிச் சென்ற விமானம், பம்பரம்போல் சுழன்றுகொண்டே கீழே பாய்ந்தது. அந்நாளில் அந்தச் சுழலில் சிக்கியவர் மீள வழி அறியார். பார்க், ஒன்றைச் செய்து பார்த்தார், பயனில்லை. மற்றொன்றைச் செய்தார், பயனில்லை. முடிவில் சுழலுக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானை முழுவதும் அழுத்தினார். சுழல் நின்றது. தரைக்குச் சற்றே மேலே, விமானம் நிமிர்ந்தது.

அவர் செய்தது இன்னது, விளைந்தது இன்னது என்று வரிசைப்படுத்தி, உடனே ஏட்டிலே வெளியிட்டனர். சில ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரின்போது, லிண்டமன் என்ற அறிவியலாளர், தாமே விமானமேறி, வேண்டுமென்றே சுழலவிட்டு, அளவுகளைக் குறித்துக்கொண்டு, மீளும் முறையை ஆராய்ந்தார். பார்க், அதே 1912ஆம் ஆண்டு டிசம்பரிலே வேறொரு விபத்தில் மாண்டார். ஆனால் அவர் கண்டது மாளவில்லை! இன்றும் விமானம் கற்கும் பிள்ளைக்கு எதிர்ச்சுக்கான் பாடம் சொல்லித் தரப்படுகிறது.

‘என்னை ஆண்டவன் காப்பாற்றினான்’ — இது சாட்சியம். இதைக் கேட்ட அடுத்தவனுக்கு என்ன பயன்? அவனும் சுழலில் சிக்கினால், ஆண்டவன் அவனையும் காப்பானா என்று காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குள் பூமி வந்துவிடும். ‘எதிர்ச்சுக்கானை அழுத்தினேன், சுழல் நின்றது’ — இது அறிக்கை. இதைக் கேட்டவன் பிழைப்பான். அவன் பிள்ளையும் பிழைப்பான். சாட்சியம் ஒருவனோடு முடிகிறது. அறிக்கை ஊருக்கு உதவுகிறது. 1951ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி விமான விபத்து விசாரணைக்கென ஒரு நெறிமுறையை ஏற்றன. அடுத்த விபத்தைத் தடுப்பதே விசாரணையின் நோக்கம் என்பது அந்த நெறி. அந்த நெறியிலே, ‘காரணம்: கடவுள் சித்தம்’ என்று எழுத இடமில்லை. எழுதியிருந்தால், விசாரணை அத்தோடு முடிந்திருக்கும். விபத்துகள் மட்டும் முடிந்திரா!

★

“அறிவைத் தந்தவனே ஆண்டவன்தானே?” — இது அடுத்த அம்பு. பழைய அம்பு, முனை மழுங்கிய அம்பு. அறிவைத் தந்தவன் அவனானால், அந்த அறிவு, ‘அவனை நம்பாதே, பெட்ரோலைச் சோதி’ என்று ஏன் சொல்கிறது?

நேட் செயிண்ட் என்ற அமெரிக்கப் பாதிரி விமானியைப் பற்றிக் கூறுவர். ஈக்வடார் நாட்டுக் காடுகளுக்கு மேலே சிறு விமானம் ஓட்டியவர். 1956ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், ஆற்று மணலிலே, நான்கு தோழர்களோடு, காட்டு மக்களின் ஈட்டிக்கு இரையானவர். தன் கடவுளுக்காக உயிர் கொடுக்கத் துணிந்தவர் அவர். அவருடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? காட்டுக்கு மேலே ஒற்றை இஞ்சினோடு பறக்கும்போது எரிபொருள் வரும் வழி அடைபட்டால் என் செய்வது என்று எண்ணி, மாற்று வழியாக எரிபொருள் செலுத்தும் அமைப்பு ஒன்றைத் தாமே வகுத்துப் பொருத்தினார். உலகத்தைப் படைத்தவனை உளமார நம்பிய அவர், ஒரு குழாயை நம்பவில்லை! நாம் கேட்பது இவ்வளவே: பக்தர் ஒருவர் பறக்கும்போது கைக்கொண்ட பகுத்தறிவை, தரையில் வாழும்போது பாமரர் கைக்கொள்ளக்கூடாதா?

“எத்தனையோ பேர் வேண்டிக்கொண்டு பிழைத்திருக்கிறார்களே” என்பர். கிறித்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னே வாழ்ந்த தியாகோரஸ் என்ற கிரேக்க நாத்திகர் இதற்கு விடை சொல்லிவிட்டார் என்று ரோமாபுரி அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். கடலிலே புயலுக்குத் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டபடி கோயிலிலே மாட்டிய படங்களைக் காட்டி, “பார், தெய்வம் காத்த மக்களை!” என்றார்களாம். “வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?” என்றாராம் அவர். அதே கேள்வியை நாமும் கேட்கிறோம். பிழைத்தவன் நூல் எழுதுகிறான். மாண்டவன் எழுதுவதில்லை; அவனும் அதே பிரார்த்தனையைத்தான் செய்தான்.

‘பிரார்த்தனை மனத்துக்கு அமைதி தருகிறதே’ என்று இறங்கி வந்து பேசுவோரும் உளர். அமைதி வேண்டும்தான். இஞ்சின் நின்றுவிட்டால் விமானம் கல்போல விழுந்துவிடாது. சிறு விமானம், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மைல் மிதந்து செல்லும். அதற்குரிய வேகத்தில் நிறுத்த வேண்டும். காற்றின் திசை பார்த்து வயல் ஒன்றைத் தேர வேண்டும். மீண்டும் இஞ்சினை முடுக்கிப் பார்க்க வேண்டும். வானொலியில் அழைக்க வேண்டும். இதை நூறு முறை பழகியவனுக்கு அமைதி தானே வருகிறது. கைகளுக்கு வேலை இருக்கும்போது கூப்புவதற்கு நேரம் ஏது?

அமெரிக்க அரசின் மத்திய விமானத் துறை, விமானிகளுக்கான பாடநூலில், உயிருக்கு உலை வைக்கும் மனப்பான்மைகள் என ஐந்தைக் குறித்திருக்கிறது. விதிமுறையை மதியாமை ஒன்று, பதற்றம் ஒன்று, தனக்கு ஒன்றும் நேராது என்ற இறுமாப்பு ஒன்று, வீரம் காட்டும் வெறி ஒன்று. ஐந்தாவது எது? ‘நம் கையில் என்ன இருக்கிறது’ என்று கையை விரித்துவிடும் மனம்! அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து, ‘நான் ஆதரவற்றவன் அல்லன்; என்னால் நிலைமையை மாற்ற முடியும்’ என்று எண்ணுவது. ‘எல்லாம் தலைவிதி’, ‘அவனன்றி ஓரணுவும் அசையாது’ என்று நம் மக்களுக்குப் புண்ணியமென்று புகட்டப்பட்டதை, விமானப் பள்ளி ஆபத்தென்று வகுத்து வைத்திருக்கிறது! எந்த மனப்பான்மை ஒரு விமானத்தை வீழ்த்துமோ, அந்த மனப்பான்மை ஒரு சமுதாயத்தை வீழ்த்தாதா?

★

இன்னலில் இறைவனை நம்பு என்கிறார்களே, அந்த இன்னலைச் செய்தவர் யார் என்று கேட்டார்களா? மேகமும் புயலும் இயற்கை தந்த இன்னல். அவற்றை அறிவு வென்று வருகிறது. ஆனால் பறக்க விரும்பியவர்க்கு மனிதன் செய்த இன்னல் அதனினும் பெரிது.

பெஸ்ஸி கோல்மன் என்ற மங்கையைப் பற்றிக் கேளுங்கள். 1892ஆம் ஆண்டு, டெக்சாஸ் மாநிலத்தில், பருத்தி பறித்துப் பிழைத்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிகாகோ நகரத்து முடிதிருத்தகம் ஒன்றில் நகங்களுக்கு அழகு செய்து வயிறு வளர்த்தவர். விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அமெரிக்க நாட்டு விமானப் பள்ளிகள் கதவைச் சாத்தின. கறுப்பி என்று ஒரு பூட்டு. பெண் என்று மற்றொரு பூட்டு! கதவைச் சாத்தியவர்கள் நாத்திகர்களா? ஞாயிறு தவறாமல் தேவாலயம் சென்றவர்கள்தாம் பெரும்பாலோர். அந்தத் தேவாலயங்களிலும் வெள்ளையர்க்கு ஒன்று, கறுப்பர்க்கு ஒன்று! கடவுள் ஒருவரே, கதவுதான் இரண்டு. நமக்குப் பழக்கமான காட்சி அல்லவா?

பெஸ்ஸியும் கடவுளை நம்பிய குடும்பத்துப் பெண்தான். ஆனால் வானத்தை நோக்கிக் கையேந்தி அவர் உட்கார்ந்துவிடவில்லை. பிரெஞ்சு மொழி கற்றார், பணம் சேர்த்தார், கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் அப்பட் ஊக்கம் தந்தார், கப்பலேறினார், பிரான்சு நாட்டிலே லெ க்ரொத்வா என்ற ஊரில் பயின்று, 1921ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் விமானி உரிமம் பெற்றார். ஆப்பிரிக்க வழிவந்த அமெரிக்கப் பெண்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. தாய்நாடு திரும்பி வானத்திலே சாகசம் புரிந்தார். டெக்சாசிலே, வெள்ளையருக்கு ஒரு வாயில், கறுப்பருக்கு ஒரு வாயில் என்று வைத்தபோது, எல்லோரும் ஒரே வாயிலில் வராவிட்டால் பறக்கமாட்டேன் என்று மறுத்தார். ஒரே வாயில் திறந்தது! திறந்தது தேவகுமாரன் அல்லன், தன்மானம்.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அவர் மாண்டார். விமானத்துக்குள்ளே கவனக் குறைவாய்க் கிடந்த திருகுசாவி ஒன்று, இயக்கும் பொறியிலே சிக்கிக்கொண்டது. விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. கச்சை அணியாதிருந்த பெஸ்ஸி தூக்கியெறியப்பட்டார். ஓட்டிய தோழரும் மாண்டார். ‘ஆண்டவன் அழைத்துக்கொண்டான்’ என்று ஆறுதல் கூறுவோர் கூறட்டும். அழைத்தது ஒரு திருகுசாவி. அதைச் சொன்னால்தான், அடுத்த விமானத்தில் அடுத்தவன் திருகுசாவியைத் தேடி எடுப்பான்.

அவருக்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார்கள்? 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டது: கறுப்பர் அறிவிலும் துணிவிலும் தாழ்ந்தவராம்! மனு எழுதியதை மற்றொரு மொழியில் எழுதினர், அவ்வளவே. 1941ஆம் ஆண்டு டஸ்கீகியிலே பள்ளிக் கதவு திறந்தது. 1946க்குள் ஏறக்குறைய 1,000 கறுப்பின விமானிகள் அங்கே தேறினர்; போர்முனையிலே தம் திறமையைக் காட்டினர். 1948ஆம் ஆண்டு படையிலே நிறபேதம் ஒழிக்கப்பட வேண்டுமென்று அரசாணை பிறந்தது. தாழ்ந்தவர் என்று ஏடு சொன்னது. தாழ்ந்தவர் அல்லர் என்று வானம் சொன்னது. இடையிலே மாறியது கறுப்பரின் மூளையா? இல்லை, கதவின் பூட்டு!

நம் புராணத்திலும் வானேற விரும்பிய ஒருவன் உண்டு: திரிசங்கு. சாபத்தால் சண்டாளனாக்கப்பட்டவன். ஏறி வந்தவனை இந்திரன் தலைகீழாகத் தள்ளினான், இன்னும் தொங்குகிறானாம். ஏறுபவனைத் தள்ளுவது இந்திரலோகத்து நீதி. ஏற விரும்புவோனுக்கு ஏணி தருவது மனித நீதி. நமக்கு எது வேண்டும்?

★

இங்கே என்ன நடக்கிறது? ‘எம் முன்னோரிடம் விமானம் இருந்தது’ என்று மார்தட்டுகிறார்கள். பரத்துவாசர் அருளியதென்று கூறப்படும் வைமானிக சாத்திரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டதென்றும், அதில் கூறிய ஊர்திகள் பறக்கவே இயலாதவை என்றும், 1974ஆம் ஆண்டிலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர் ஐவர் காட்டிவிட்டனர். எனினும் 2015ஆம் ஆண்டு மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலே, பண்டைக் கால விமானப் பெருமை அரங்கேறியது! 2019ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், பிரான்சு நாட்டார் செய்து கொடுத்த போர் விமானத்தின் சக்கரத்தடியிலே, இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் எலுமிச்சம்பழம் வைத்தார். பழத்தை நசுக்கிய சக்கரத்தைச் செய்தவன் தொழிலாளி. அளவு குறித்தவன் பொறியாளன். அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூடாதா? பழத்துக்குப் பெருமை, பாட்டாளிக்கு மறதியா?

இந்நாட்டிலே வணிக விமானி ஆவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகும் செலவு பல லட்சம். கூலி வேலை செய்பவரின் மகள் வானத்தை அண்ணாந்து பார்க்கலாம். பெயர் சொல்லிப் பெருமூச்சு விடலாம். அவளிடம் சென்று ‘இன்னலிலே இறைவனை நம்பு’ என்பது, பசித்தவனிடம் பஞ்சாங்கம் படிப்பது போன்றது. அவளுக்கு வேண்டியது அறிவியல் சொல்லித்தரும் பள்ளி, உதவித்தொகை, அரசு நடத்தும் பயிற்சிக்கூடம், சாதியும் பாலும் கேளாத வாயில். இவை வானத்திலிருந்து இறங்கி வருவனவல்ல. வாதாடிப் பெறுவன, வாக்கால் பெறுவன, ஒன்றுபட்டு நின்று பெறுவன. அருள் என்று சொன்னவுடன் உரிமை என்ற சொல் மறைந்துவிடுகிறது. வேண்டுதல் தொடங்கியவுடன் கோரிக்கை நின்றுவிடுகிறது. ஆகவேதான், பறக்கக் கற்றவர் சொல்லும் அந்தப் பக்திக் கதையைத் தீங்கற்ற கதையென்று நம்மால் விட்டுவிட முடியவில்லை.

இளைஞர்களே! இன்னல் வரும். வந்தால், அது இயற்கை செய்ததா, மனிதன் செய்ததா என்று கேளுங்கள். இயற்கை செய்ததாயின் அளந்து பாருங்கள். மனிதன் செய்ததாயின் எதிர்த்து நில்லுங்கள். பெற்ற வெற்றிக்கு நன்றி கூற வேண்டுமென்று உள்ளம் விரும்பினால், நன்றி பெற உரியவர் பலர் உளர். சுழலில் சிக்கி வழி கண்டவன், காற்றைக் குழாயில் அடைத்து அளந்தவன், நள்ளிரவிலே திருகாணியை முறுக்கியவன், அஞ்சிய மாணவன் அருகே அமர்ந்து கற்பித்தவன், ஒரே வாயில் வேண்டுமென்று ஓங்கி உரைத்த பெஸ்ஸி! அவர்கள் தந்த இறக்கை அது. அதற்கு வேறொருவன் பெயரைச் சூட்டாதீர். அந்த இறக்கையை அடுத்தவருக்கும் பூட்டுங்கள். அடைபட்ட கதவு எங்கே இருந்தாலும், அதைத் திறக்கும் கை உங்கள் கையாக இருக்கட்டும்.